சோக்கரும் இருபத்து மூன்று குழாய்களும்

நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்த தமிழர்களில், வடையின் ஓட்டையை வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தவர் ஒரே ஒருவர்தான். அளந்ததோடு விட்டாரா? ஆக்லாந்தில் ஒரு பொங்கல் விருந்தில் வரிசையாக ஏழு வடைகளை அளந்து, ஐந்தாவதிலிருந்து அளவு மாறுகிறது என்று கண்டுபிடித்து, நேரே சமையலறைக்குள் போய், "இஞ்ச வடை தட்டினது ரெண்டு பேரோ?" என்று விசாரித்தார். ரெண்டு பேர்தான். ஒருவர் பாதியில் டெலிபோன் வந்ததென்று போய்விட, மிச்சத்தை இன்னொருவர் தட்டியிருந்தார். சமையலறையே கப்சிப்.

அவரை எல்லோரும் சோக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. இலங்கையில் மன்னார்க்காரர். பிடித்ததெல்லாம் அவருக்கு 'சோக்கு'. மழை பெய்தால் சோக்கான மழை, மீன் கிடைத்தால் சோக்கான மீன். எங்கள் மதுரைப் பக்கம் சோக்கு என்றால் பகட்டு, மினுக்கு. நான் வந்த புதிதில் "உம்மட சேட்டு சோக்கு" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து ஒரு வாரம் அந்தச் சட்டையைப் போடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மேற்கு ஆக்லாந்தில் பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் அவர் கடைசல் இயந்திரக்காரர். நான் ஸ்டோர் கீப்பர். பட்டறைக்குப் பக்கத்தில் மாசி என்ற புறநகரில், அவர் வீட்டுக் கீழ் அறையில்தான் குடியிருந்தேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் பேனா வைக்கிற சட்டைப் பையில் வெர்னியர். கை குலுக்கும்போதே எதிராளியின் விரல் கணுவை ஓரக்கண்ணால் பார்ப்பார். "உமக்கு மோதிரம் போட்டால் இருபது தசம் ரெண்டு" என்பார். பிற்பாடு என் கல்யாண மோதிரம் வாங்கியபோது நகைக்கடைக்காரர் அளந்து பார்த்து அதையேதான் சொன்னார்.

இவ்வளவு துல்லியமான ஆள் திடீர் திடீரென்று காணாமல் போய்விடுவார். உடம்பு இங்கேதான் இருக்கும். இரும்பைக் கடையும்போது நீல நிறத்தில் சுருண்டு சுருண்டு எழும் சீவலைப் பார்த்தபடி நின்றுவிடுவார். இயந்திரம் சுற்றும், சீவல் வளரும், ஃபோர்மன் வந்து தோளைத் தொடும்வரை மனிதர் வேறெங்கோ இருப்பார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "ஒரு இடமும் இல்லை தம்பி, சும்மா" என்பார். அந்தச் 'சும்மா'வுக்குள் ஒரு கடலே இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மன் எங்கள் எல்லோரையும் வடக்கே ஒரு பண்ணைக்கு பார்பெக்யூவுக்கு அழைத்துப் போனார். பச்சை மேடுகள், வெள்ளைச் செம்மறிகள், எல்லாவற்றின் மேலும் போர்த்திய பனிமூட்டம். தட்டில் சோசேஜ் வாங்கிக்கொண்டு நின்றோம். மேட்டுக்கு அந்தப் பக்கம் 'டமார்' என்று ஒரு வெடி.

அடுத்த கணம் என் பக்கத்தில் சோக்கர் இல்லை. ஈரப் புல்லில் குப்புறக் கிடந்தார். இடது கை தலையை மூடியிருந்தது. வலது கை மட்டும் மேலே நீட்டியிருந்தது. அதில் தட்டு, தட்டில் சோசேஜ் அசையாமல் இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் ஓடவில்லை. செம்மறிகள்கூட நிமிரவில்லை. அடுப்பருகே நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். "வெர்னியர்" என்றார் சோக்கர், படுத்தபடியே.

மேட்டுக்கு அப்பால் களிமண் தட்டுச் சுடுகிற மைதானம். ஆரஞ்சு வண்ணச் சின்னத் தட்டு ஒன்றை ஒரு இயந்திரம் வானத்தில் வீசும். வரிசையில் நிற்பவர் துப்பாக்கியால் அதை உடைக்கவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பறவை சாகாது, மிருகம் சாகாது. அன்று பொழுது சாயும்வரை சோக்கர் அந்த மேட்டில் உட்கார்ந்திருந்தார். பனிக்குள்ளிருந்து ஒரு தட்டு எழும், மிதக்கும், பூப்போல உதிரும், அல்லது உதிராமல் பனிக்குள்ளேயே போய் மறையும். திரும்பி வரும்போது காரில் கேட்டார்.

"தம்பி, கண்டனீரே?"

"என்னண்ணே?"

"வெடிச் சத்தம் கேட்டுது. ஒருத்தரும் ஓடேல்லை."

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில், தானும் ஒரு துவக்கு வாங்கப்போவதாக அறிவித்தார். துப்பாக்கியை அவர்கள் துவக்கு என்பார்கள்.

அவர் மனைவி றீற்றா அக்கா, ஹெண்டர்சனில் கல்யாண கவுன்களுக்குப் பாசிமணி கோத்துத் தைக்கிறவர். அதிர்ந்து பேசாதவர். கையிலிருந்த ரொட்டித் துண்டை மேசையில் வைத்தார்.

"என்னப்பா, உங்களுக்கு விசரே? துவக்குக்குப் பயந்து உலகத்தின்ர கடைசி வரைக்கும் ஓடி வந்திருக்கிறம். இதுக்கு அங்கால பனிக்கட்டிதான். இஞ்ச வந்து நீங்களே ஒண்டு வாங்கப் போறியளோ?"

"இது வேற துவக்கு, றீற்றா."

"துவக்கில என்ன வேற?"

"இது சோக்கான துவக்கு."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். அவருக்கு வெடி என்றால் ஆகாது. நவம்பரில் இந்த ஊர்க்காரர்கள் வாணவேடிக்கை விடுகிற மாலைகளில் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, செபமாலையோடு உட்கார்ந்துவிடுவார். கதவுக்கு வெளியே சோக்கர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளை உரக்கப் படிப்பார். "றீற்றா, இந்தக் கிழமை பூசணிக்காய் மலிவு... கோழிக்கால் இருக்குது... டிஷ்யூ பேப்பர் ரெண்டு எடுத்தால் ஒண்டு சும்மா..." வேடிக்கை முடியும்வரை படித்துக்கொண்டேயிருப்பார். தாள் முடிந்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். வகுப்பு உண்டு, பரீட்சை உண்டு. துப்பாக்கியோடு வேலியை எப்படித் தாண்டுவீர்கள் என்று பரீட்சையில் ஒரு கேள்வி. "தாண்டமாட்டேன். கேற் எங்கே என்று வேலி வைத்தவரிடம் கேட்பேன்" என்று எழுதினாராம். அதற்குப் பிறகு சரியான விடையையும் எழுதினார், அது வேறு விஷயம். எல்லாம் முடிந்தபின் போலீஸ் சார்பில் ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். தெரிந்தவர் ஒருவரையும் மனைவியையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். தெரிந்தவர் நான்.

"இவர் கோபப்பட்டு நீங்கள் பார்த்ததுண்டா?"

"ஒரே ஒரு தடவை."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"பட்டறையில் ஒருத்தர் இவருடைய வெர்னியரால் பெயின்ட் டப்பா மூடியைத் திறந்தார்."

"என்ன செய்தார்?"

"மூன்று நாள் அந்த ஆளுக்கு குட் மார்னிங் சொல்லவில்லை."

அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

அடுத்தது அக்கா. முன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சோக்கரும் நானும் சமையலறையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். அந்த வீட்டுச் சுவர்கள் அட்டை மாதிரி. எல்லாம் கேட்கும். "உங்கள் கணவரைக் கண்டு உங்களுக்குப் பயமா?" என்று அதிகாரி கேட்டார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "துப்பாக்கியைக் கண்டு?" என்று அடுத்த கேள்வி. சிரிப்பு நின்றது. கடிகாரம் ஓடியது. அக்கா வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உரிமம் இல்லை.

தடுமாறிய ஆங்கிலத்தில், ஒவ்வொரு மணியாகக் கோப்பதுபோல, அக்கா சொன்னார். எனக்கு அதைப் பார்க்க வேண்டாம். அது வீட்டுக்குள் வரவேண்டாம். ஆனால் அவர் போகட்டும். பன்னிரண்டு வருஷமாக அவர் தூக்கத்தில் கத்துகிறார். அந்த மைதானத்துக்குப் போய் வந்த அன்றைக்கு மட்டும் கத்தவில்லை.

நான் சோக்கரைப் பார்க்காமல் கேத்திலில் தண்ணீர் பிடித்தேன். கேத்தில் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

அக்காவின் நிபந்தனைப்படி துப்பாக்கிக்கு வீட்டோடு ஒட்டாத கராஜில் இடம். அதற்கு ஒரு இரும்புப் பெட்டி செய்தார் பாருங்கள், ஊரில் ஒரு கூட்டுறவு வங்கிக்கே போதும். தரை கான்கிரீட்டில் ஆறு போல்ட் போட்டு இறுக்கினார். பூகம்பம் வந்தால் வீடு போகும், பெட்டி நிற்கும் என்று நம்பிக்கையாகச் சொன்னார்.

துப்பாக்கி கிடைத்தது ஆக்லாந்தின் வடக்கே ஆல்பனியில். கணவரை இழந்த ஒரு பெண்மணி, அவர் பொருட்களையெல்லாம் கொடுத்துவிட்டு மகளோடு போய் இருக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பழைய இத்தாலியத் துப்பாக்கி. ஒற்றைக் குழல், மடித்துத் திறக்கிற வகை. உரிமத்தைச் சரிபார்த்துவிட்டு, துப்பாக்கியோடு ஒரு பிஸ்கட் டின்னையும் நீட்டினார்.

"இதுவும் இதோடு சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். நண்பர்களோடு மாற்றி மாற்றிச் சேர்த்தார். எது எதற்கு என்று எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எழுதி வையுங்கள் என்று முப்பது வருஷம் சொன்னேன்."

டின்னுக்குள் விரல் நீளத்தில் இரும்புக் குழாய்கள், துருவும் எண்ணெயுமாக. சோக்கர் எண்ணினார். இருபத்து மூன்று. சோக்கரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இருபத்து மூன்று அநாதைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுபோல உருகிவிட்டார்.

"தம்பி, இதுகளுக்குப் பெயர் என்ன தெரியுமோ? சோக்!"

நிஜமாகவே அதுதான் பெயர். துப்பாக்கிக் குழலின் வாயில், உள்பக்கமாகத் திருகி வைக்கிற குறுங்குழாய். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் ஒடுங்கிப் பாய்கிறதல்லவா, அதுபோல உள்ளிருந்து வரும் ஈயக் குண்டுகள் விரிந்து போகவேண்டுமா, ஒடுங்கிப் போகவேண்டுமா என்பதை இது தீர்மானிக்கும். கிட்டத்தில் போகிற தட்டுக்கு அகலமானது, தூரத்துக்கு ஒடுக்கமானது. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மரை, ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு விட்டம். ஒரே கம்பெனியே நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடும். பொருந்தாததைப் போட்டுச் சுட்டால் குழாயும் போகும், குழலும் வீங்கும், சுட்டவர் விரலும் போகலாம்.

துப்பாக்கிக்குத்தான் வீட்டுக்குள் தடை. குழாய்களுக்குத் தடை இல்லை என்பது சோக்கரின் வாதம். அக்கா ஒரு குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நூல் சுத்திற கட்டை மாதிரியெல்லோ இருக்குது" என்று அனுமதித்தார். அன்றிலிருந்து இடியப்பத் தட்டுகளுக்குக் கேடுகாலம். தட்டுக்கு நாலு குழாய் வீதம் அடுக்கி, காகிதத் துண்டில் எண் எழுதி ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கினார். வெளி விட்டம், உள் விட்டம், நீளம், மரையின் நெருக்கம், விளிம்பில் வெட்டியிருக்கும் கோடுகள் எத்தனை. ஒரு கோடென்றால் மிக ஒடுக்கம், ஐந்தென்றால் தாராளம். சிலதில் கோடே இல்லை. "இதுகள் வாய் பேசாத பிள்ளையள்" என்று தனித் தட்டில் வைத்தார். எங்களுக்கு மாதக்கணக்கில் இடியப்பம் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு சிக்கல். குழலின் வாயில் ஏற்கெனவே ஒரு குழாய் உட்கார்ந்திருந்தது. துருப்பிடித்து அசைய மறுத்தது. அது வந்தால்தான் உள் மரையை அளக்க முடியும். ஆக்லாந்தில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். அங்கிருந்தவர், பெரிய ஸ்பானர் ஒன்றை எடுத்துக்கொண்டு, "ஓங்கித் திருகினால் வந்துவிடும். ஷீ வில் பி ரைட், மேட்!" என்றார். எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்வது அது.

சோக்கர் துப்பாக்கியை மெதுவாக எடுத்து உறைக்குள் வைத்தார். வெளியே வந்ததும் கேட்டார்:

"தம்பி, எல்லாத்துக்கும் 'ஷீ வில் பி ரைட்' எண்டு சொல்லுறாங்களே. ஆர் அந்த ஷீ? அவ ஒருக்கா நேர வந்து எனக்குச் சொல்லட்டும். பிறகு யோசிப்பம்."

தினமும் வேலைக்குப் போகுமுன் கராஜில் இரண்டு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான். விட்டுவிட்டு வருவார். ஆறு வாரம். ஒரு சனிக்கிழமைக் காலை, வெளியே மாசி முழுவதும் தூறலில் கரைந்துகொண்டிருந்தது. வெறும் விரலால் மெல்லத் திருப்பினார். 'டிக்' என்றது. பல்லி சொன்னதுபோல ஒரு சின்னச் சத்தம். குழாய் சுழன்று வெளியே வந்தது.

துப்பாக்கியை மடித்துத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்தார். மூன்றாம் தரம் என்னையும் பார்க்கச் சொன்னார். பிறகு குழலைத் தனியாகக் கழற்றித் துடைத்து, ஜன்னலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆள் காணாமல் போய்விட்டார் என்று தெரிந்துகொண்டு நான் காத்திருந்தேன். வெகு நேரத்துக்குப் பின் என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம், வெள்ளி வளையங்கள் ஒன்றை ஒன்று துரத்தாமல் அமைதியாகத் தூரத்தில் போய், கடைசியில் ஒரு துளி வானம். மழை பெய்கிற வானம்.

"இவ்வளவு நாளும் இந்தச் சாமானை நான் மற்றப் பக்கத்தால பாத்ததில்லைத் தம்பி" என்றார். "எப்பவும் அது எங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டது."

வெளியே வந்த குழாயை அளந்ததும் அடுத்த அதிர்ச்சி. அதுவே தப்பான குழாய்! யாரோ பலவந்தமாகத் திருகி ஏற்றியிருக்கிறார்கள். நல்ல வேளையாக உள் மரை தப்பித்திருந்தது. துப்பாக்கி பழுதுபார்க்கிற ஒரு பெரியவரும் டார்ச் அடித்துப் பார்த்து அதையே உறுதி செய்தார். இருபத்து மூன்றில் ஐந்து குழாய்கள் குழலுக்குள் இலகுவாகத் திருகிப் போயின. ஐந்தும் ஒரே மரை. ஆனால் அடியில் போய், குழலுக்குள் படிபோல இருக்கிற மேடையில் ஒட்டி உட்காரவேண்டும். முடி அளவு இடைவெளிகூட இருக்கக்கூடாது. எது ஒட்டுகிறது, எது ஒட்டுவதுபோல நடிக்கிறது? துருவுக்கு மேல் அளந்த அளவை நம்ப சோக்கர் தயாராக இல்லை.

"முக்கால்வாசி பொருந்திறது எண்டால் பொருந்தேல்லை எண்டுதான் அர்த்தம்."

"அப்ப என்னண்ணே செய்றது?"

"செய்தவனைக் கேக்கோணும்."

குழலின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, தேய்ந்துபோன கம்பெனி எழுத்துகளைப் படி எடுத்தார். நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியதில் மூன்று பக்கம் வந்தது. இரண்டு பக்கம் அளவுகள். ஒரு பக்கம், இவ்வளவு அழகான குழல் செய்தவர்களுக்கு மன்னாரில் பிறந்த ஒரு கடைசல்காரனின் வணக்கம். இத்தாலிக்கு அனுப்பினோம். நாலு மாதம் பதில் இல்லை. சோக்கர் தினமும் தபால் பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்ப்பார்.

வந்தது. இத்தாலிய மொழியில்.

எங்களுக்குத் தெரிந்தவர்களில் இத்தாலிய மொழி அறிந்த ஒரே ஆள், பூசைக்கு வருகிற தமிழ்ப் பாதர். ரோமில் படித்தவர். ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில் ஜனம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சோக்கர் கடிதத்தை நீட்டினார். பாதர் கண்ணாடியை மாட்டினார். பழக்க தோஷம், வேத வாசகம் படிக்கிற அதே ராகத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார்.

"மதிப்புக்குரிய ஐயா... உங்கள் கடிதம் எங்களை மகிழ்வித்தது... அந்த மாதிரியை நாங்கள் நிறுத்திப் பல வருடங்கள் ஆயின... குழாயின் நீளம் நாற்பத்தைந்து மில்லிமீட்டராக இருக்கக்கடவது... அதனிலும் குறைந்ததை நீர் உபயோகியாதிரும்..."

தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் "ஆமென்" என்றார்.

"எங்களுடைய குழாய்களின் விளிம்புக்குக் கீழே சிறிய நட்சத்திரம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும்" என்று முடித்தார் பாதர்.

அன்று மாலை முழுவதும் சோக்கர் பூதக்கண்ணாடியோடு தேடினார். ஐந்தில் ஒன்றிலும் நட்சத்திரம் இல்லை. துருதான் இருந்தது. தேய்த்தால் நட்சத்திரமும் சேர்ந்து போய்விடுமோ என்று பயம். குழாய்களை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். நான் பார்க்க அவர் சோர்ந்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் நாங்கள் வேலை முடிந்து வந்தபோது ஐந்து குழாய்களும் சமையலறைத் தொட்டியருகே ஒரு கிண்ணத்தில், பழுப்புத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன.

"றீற்றா! இது என்ன?"

"பழப்புளி. குத்துவிளக்கை ஊறப் போட்டனான். உதுகளையும் போட்டன்."

சோக்கர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா கையைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு குழாயை எடுத்து, தன் பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மணி கோக்கிறவரின் கண்.

"நீங்கள் தேடின வெள்ளி இதுதானே?"

வெள்ளி என்று நட்சத்திரத்தைச் சொன்னார். சோக்கர் எழுந்து ஓடினார். கடுகில் பாதிகூட இருக்காது. ஆனால் ஆறு முனை தெளிவாக இருந்தது. அக்கா இரண்டாவதையும் துடைத்தார், நட்சத்திரம். மூன்றாவது, நட்சத்திரம். மற்ற இரண்டும் மொட்டை. துரு நீங்கிய குழாய்களைச் சோக்கர் அளந்தார். மூன்றும் நாற்பத்தைந்து. மொட்டைகள் இரண்டும் ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை. அந்த இடைவெளியைத்தான் துரு இத்தனை நாளாக மூடி மறைத்திருந்தது. மூன்றையும் கராஜுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகத் திருகி, அடியில் போய் மெத்தென்று ஒட்டி உட்காருவதை விரலால் உணர்ந்துவிட்டு வந்து, மனைவியின் முன்னால் நின்றார்.

"றீற்றா... நீ..."

"சோக்கு எண்டு சொல்லப் போறியள். விளங்குது. கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, இண்டைக்கு இடியப்பம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் புறப்பட்டபோது, கேட்காமலே அக்காவும் வந்து காரில் ஏறினார். துப்பாக்கி உறைக்குள் டிக்கியில் இருந்தது. மைதானம் வழக்கம்போல் பனிக்குள் இருந்தது. அக்கா காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறுக்க ஏற்றிவிட்டு, காதுகளைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினார். நான் வெளியே கார்க் கதவில் சாய்ந்து நின்றேன்.

சோக்கர் வரிசையில் போய் நின்றார். அவருக்கு இருபத்தைந்து தட்டுகள். முதல் தட்டு எழுந்தது. அழகாக மிதந்தது. சோக்கர் அதன் அழகைப் பார்த்தார். தட்டு போய் மறைந்த பிறகு சுட்டார். இரண்டாவதும் அப்படியே. எட்டு மாதம் தேடிக் கண்டுபிடித்த குழாய், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகாத பொருத்தம், பத்துத் தட்டுக்கு ஒன்றுகூட உடையவில்லை. பக்கத்திலிருந்தவர் பரிதாபப்பட்டு, "உங்கள் சோக் சரியில்லையோ?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. சோக்கர் அவருக்கு விளக்கத் தொடங்கியதில் மைதானம் பத்து நிமிடம் நின்றுபோயிற்று.

அந்தப் பத்து நிமிட அமைதியில் கார்க் கதவு திறந்தது. அக்கா ஒரு காலை ஈரப் புல்லில் வைத்தார். அப்புறம் மற்றக் காலை. புள்ளி எழுதுகிற மேசையில் இரண்டு பெண்கள் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி அக்காவின் கைப்பையைப் பார்த்து, "அடடா, இந்த மணி வேலை எங்கே வாங்கினீர்கள்?" என்றாள். நானே கோத்தது என்றார் அக்கா. அவர்கள் நம்பவில்லை. அக்கா பையை மேசையில் வைத்து, ஊசி எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வருகிறது என்று விரலால் காட்டத் தொடங்கினார்.

'டமார்.'

அக்காவின் விரல் மணியின்மேல் நின்றது. மூன்று பெண்களும் குனிந்திருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. விரல் மறுபடி நகர்ந்தது. அடுத்த மணி, அதற்கடுத்த மணி. இன்னொரு வெடி. இந்த முறை நிற்கவில்லை. பேசிக்கொண்டே போனார்.

நான் திரும்பிச் சோக்கரைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். துப்பாக்கியை மடித்துத் திறந்து கையில் தொங்கவிட்டபடி, மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்காக ஒரு தட்டு எழுந்து, சுடுவாரில்லாமல் பனிக்குள் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. கடைசித் தட்டை மட்டும் சுட்டார். அது உடைந்தது. குண்டு பட்டு உடைந்ததா, அலுத்துப்போய் உடைந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். "இருபத்தைந்துக்கு ஒன்று" என்று புள்ளிப் பெண் எழுதினாள். அக்கா கை தட்டினார்.

திரும்பும்போது பனி விலகியிருந்தது. முன் இருக்கையில் அவர்கள் இருவரும், பின்னால் நான். மன்னாரில் அவர்கள் கல்யாணத்தன்று பாண்ட் வாத்தியக்காரர்கள் தவறான வீட்டுக்குப் போய் வாசித்த கதையை அக்கா சொல்ல, அந்த வீட்டுக்காரர்களும் எழுந்து ஆடினார்கள் என்று சோக்கர் சொல்ல, இல்லை, நீங்கள்தான் ஆடினீர்கள் என்று அக்கா மறுக்க, ஒருவர் பேச்சை ஒருவர் பறித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பேச்சில் சோக்கர் மோட்டார்வேயில் தெற்கே திரும்புவதற்குப் பதில் வடக்கே திரும்பிவிட்டார். மாசி எங்களுக்குப் பின்னால் போய்க்கொண்டேயிருந்தது. ஈர மேடுகளின்மேல் மாலை வெயில் விழுந்து, சாலை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வழி தப்பிவிட்டது எனக்குத் தெரியும். திரும்புகிற இடமும் தெரியும். இரண்டு வழிகாட்டிப் பலகைகள் கடந்து போயின.

நான் ஒன்றும் சொல்லாமல் பின் இருக்கையில் சாய்ந்துகொண்டேன்.